சாய்வு சைக்கிளில் அயோவாவைக் கடக்கப்போகும் பிள்ளைகளுக்கு

ஜூலை மாதத்தின் கடைசி முழு வாரத்தில் அயோவா மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காகச் சைக்கிளில் கடக்கும் ஓட்டத்துக்கு ராக்பிராய் என்று பெயர். அமெரிக்காவின் இந்த மத்திய மேற்குப் பகுதிக்கு வேலைக்கு வந்து குடியமர்ந்த நம் பிள்ளைகள் சிலர், இந்த முறை அதில் சாய்வு சைக்கிளோடு இறங்கப்போவதாகச் சொன்னார்கள். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வண்டி. கேட்டதும் எனக்கு அத்தனை சந்தோஷம்.

டெ மாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழைச் சேர்ந்த ஜான் காரஸ், டொனால்ட் கால் என்ற இருவர் 1973-இல் தாங்கள் மாநிலத்தைக் கடக்கப்போவதாக எழுதி, விரும்பியவர்களையும் கூட வரச் சொன்னார்கள். அதுதான் தொடக்கம். அந்த முதல் ஆண்டில் முழுத் தூரத்தையும் ஓட்டி முடித்தவர்கள் 114 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஏழு நாள், சராசரியாக 468 மைல், நம் கணக்கில் சுமார் 750 கிலோமீட்டர். பந்தயம் கிடையாது, முதல் பரிசும் கிடையாது.

சாதாரண சைக்கிள்காரர்களுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாய்வு சைக்கிளுக்குச் சொல்பவர்கள் குறைவு. பல கோடைகள் அந்தச் சாலைகளில் ஓட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தம்பி, தங்கைகளே, பொறுமையாகப் படியுங்கள்.

1. கூட்டத்தின் வேகத்தை உங்கள் வேகமாக்கிக்கொள்ளாதீர்கள். இதுதான் தலையாயது. மற்றவற்றில் பாதி இதிலிருந்தே வருகிறது. நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளில் மேடு வந்தால் எழுந்து நின்று உடல் எடையைப் பெடலில் இறக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. முதுகு சீட்டில் இருக்கிறது, கால் முன்னால் இருக்கிறது, பலம் அத்தனையும் காலிலிருந்தே வரவேண்டும். அதனால் மேட்டில் எல்லோரும் நம்மைத் தாண்டிப் போவார்கள். உச்சி தாண்டி இறங்க ஆரம்பித்ததும் கதை மாறும். காற்று மோதும் பரப்பு நமக்குக் குறைவு என்பதால், மிதிக்காமலே அவர்களைத் தாண்டிவிடுவோம். அடுத்த மேட்டில் மறுபடியும் அவர்கள் முன்னால். ஒரே முகங்களை ஒரு காலைப்பொழுதுக்குள் பலமுறை பார்ப்பீர்கள்.

ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. பள்ளத்தின் அடியில் கூட்டம் எப்போதும் அடர்த்தியாக இருக்கும், ஏனென்றால் எதிர் மேட்டில் ஏறத் தொடங்கியவர்கள் அங்கே வேகம் இழந்து நிற்பார்கள். நீங்கள் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் வந்துகொண்டிருப்பீர்கள். சேர்த்து வைத்த வேகத்தை அடுத்த மேட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ள ஆசை வரும். வழி காலியாக இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் பாதி இறக்கத்திலேயே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அந்த ஆசைக்காக ஒருவருடைய எலும்பு முறிய வேண்டியதில்லை.

அயோவா தட்டை நிலம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேற்கு ஓரத்தில் காற்று அள்ளிவந்து குவித்த நுண்மண்ணாலான லோயெஸ் குன்றுகள் இருக்கின்றன. வடகிழக்கில் கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறைகள் வந்து தேய்க்காமல் விட்ட மேடுபள்ள நிலம். நடுவிலும் ஒவ்வோர் ஆற்றுக்கும் சாலை இறங்கி ஏறும். ஆகவே மிகச் சிறிய கியர் வேண்டும். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்குக் குறையாமல் லேசாகச் சுற்றுங்கள். கனமான கியரில் அழுத்தாதீர்கள். முதுகுக்குப் பின்னால் சீட் முட்டுக்கொடுப்பதால், நம் காலால் உடல் எடையைவிட அதிக பலத்தைப் பெடலில் கொடுக்க முடியும். அந்தப் பாரம் முழுக்க முழங்காலில் விழும்.

இருசக்கரச் சாய்வு சைக்கிள் மிக மெதுவாகப் போகும்போது ஹேண்டில் இடமும் வலமும் ஆடும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது அப்படி ஆடுவது நியாயமில்லை. ஆட ஆரம்பித்தால் வலது ஓரமாக நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஏற்றத்தின் நடுவே மறுபடி ஏறிக் கிளம்புவதும் கடினம், கொஞ்சம் சமதரை வரும்வரை நடந்துவிடுங்கள். மேட்டில் தள்ளிக்கொண்டு நடப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. மூன்று சக்கர ட்ரைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நடையைவிட மெதுவாகவும் ஏறலாம், நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி மிதிக்கலாம்.

நண்பர்கள் நிமிர்ந்த சைக்கிளில் வந்தால், ஒன்றாகவே ஓட்டுவோம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்த ஊரில் எந்தத் தேவாலயத்தின் முன்னால், எந்தத் தண்ணீர்த் தொட்டியின் கீழ் சந்திப்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். அயோவாவில் பெரும்பாலான சிற்றூர்களில் ஊர்ப்பெயர் எழுதிய உயரமான தண்ணீர்த் தொட்டி உண்டு. தொலைவிலிருந்தே தெரியும்.

2. யார் கண்ணிலும் நீங்கள் படவில்லை என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். ட்ரைக்கில் உட்கார்ந்தால் நம் தலை மற்றவர்களின் இடுப்பளவில்தான் இருக்கும். நெருக்கமாகப் போகிற கூட்டத்தில் கீழே குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. நின்றிருக்கும் ஆளின் கண்மட்டத்துக்கு எட்டும் உயரத்தில் ஆரஞ்சு அல்லது இளம்பச்சை நிறக் கொடி கட்டுங்கள். காற்றில் படபடக்கும் துணி கண்ணை இழுக்கும். வெறும் கம்பு இழுக்காது. பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். கண்ணாடி இரண்டு பக்கமும் வேண்டும். சாய்ந்திருப்பவரால் தோளைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது, கண்ணாடிதான் கழுத்து. இடப்பக்கம் நகரும் முன் கண்ணாடியைப் பாருங்கள், கையைக் காட்டுங்கள், மறுபடி கண்ணாடியைப் பாருங்கள், பிறகு நகருங்கள்.

3. குரல் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். அங்கே வழக்கத்தில் உள்ள கூப்பாடுகள் சில இருக்கின்றன. பின்னால் கார் வந்தால் "கார் பேக்", எதிரே வந்தால் "கார் அப்". சாலையில் ஏறிச் சேரும்போது "ரைடர் ஆன்", விலகும்போது "ரைடர் ஆஃப்". குறுக்கே வெட்டிய அதிர்வு வரிகள் வந்தால் "ரம்பிள்ஸ்". ஒருவரைத் தாண்டும்போது "ஆன் யுவர் லெஃப்ட்". முன்னால் கேட்டதை நீங்களும் திருப்பிச் சொல்லிப் பின்னால் கடத்தவேண்டும். நம் குரல் தரைமட்டத்திலிருந்து கிளம்புவதால் முன்னால் போகிறவரின் முதுகிலேயே தடுக்கப்பட்டுவிடும். வயிற்றிலிருந்து உரக்கக் கூவுங்கள். நல்ல மணி ஒன்றும் மாட்டிக்கொள்ளுங்கள். மென்மையாகப் பேசி வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தச் சாலையில் உரக்கக் கூவுவதுதான் மரியாதை.

4. யார் பின்னாலும் ஒட்டி ஓட்டாதீர்கள். குட்டையான சாய்வு சைக்கிளிலும் ட்ரைக்கிலும் பெடலைத் தாங்கும் முன்கம்பம் முன்சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கும். அதன் நுனியில் பல்சக்கரம். உங்கள் கண்ணோ அதற்கு ஒரு மீட்டருக்கு மேல் பின்னால். முன்னால் போகிறவர் திடீரென நின்றால் உங்கள் பல்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குள் போய்விடும். காற்றில் நமக்கு ஏற்கெனவே லாபம் இருக்கிறது, அடுத்தவர் நிழலில் ஒதுங்கத் தேவையில்லை.

5. சாலையின் நீளவாக்கில் ஓடும் விரிசலைக் கண்டு பயப்படுங்கள். அயோவாவின் நாட்டுப்புறச் சாலைகள் பல கான்கிரீட் பாளங்களால் ஆனவை. நடுக்கோட்டை ஒட்டிப் பாளத்துக்கும் பாளத்துக்கும் இடையே இடைவெளி விழும், டயர் அதில் இறங்கினால் ஹேண்டிலைத் திருப்ப முடியாது. 2004-இல் க்ராஃபோர்ட் கவுண்டியில் நடுக்கோட்டு விரிசலில் சிக்கி விழுந்த ஒருவர் உயிரிழந்தார். சின்ன முன்சக்கரம் உள்ள வண்டி இன்னும் எளிதாக மாட்டும். ஒருவரைத் தாண்ட நடுக்கோட்டுக்குப் போகும்போது விரிசலைச் சாய்வாகத் தொடாமல், நல்ல கோணத்தில் வெட்டிக் கடந்துவிடுங்கள். ரயில் தண்டவாளத்துக்கும் இதே விதிதான், செங்குத்தாகக் கடக்கவேண்டும்.

ட்ரைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒரு பள்ளத்தைச் சைக்கிள்காரர் சக்கரத்தை ஒரு சாண் ஒதுக்கித் தப்பிவிடுவார். நம் மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் ஓடுகின்றன. ஒன்று தப்பினால் இன்னொன்று விழும். தொலைவிலேயே பார்த்து முடிவெடுங்கள்.

6. காலைப் பெடலில் பூட்டுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ட்ரைக்கில் கால் பெடலிலிருந்து நழுவிக் கீழே தரையைத் தொட்டால், வண்டி முன்னேறிக்கொண்டே இருக்கும், பாதம் தரையோடு பின்னால் இழுபட்டுச் சட்டத்தின் குறுக்குக் குழாய்க்கு அடியில் போய்விடும். கணுக்கால் முறிய ஒரு நொடி போதும். அதனால் பூட்டுச் செருப்பு போடுங்கள், அல்லது குதிகாலைப் பிடிக்கும் பட்டை வைத்த பெடல் போடுங்கள். வெறும் பெடலில் சாதாரணச் செருப்போடு ட்ரைக் ஓட்டுகிறவரைப் பார்த்தால் நிறுத்திச் சொல்லுங்கள்.

அடுத்து, முன்கம்பத்தின் நீளம். பெடல் மிகத் தள்ளியிருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராகவேண்டும். விரலடியை வைத்தால் சிறிதளவு மடங்கவேண்டும். கம்பம் குட்டையாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். நீளமாக இருந்தால் இடுப்பு இடமும் வலமும் ஆடும், குதிகால் தசைநாண் இழுக்கும். அரை சென்டிமீட்டர் மாற்றம்கூடப் பெரிய வித்தியாசம் தரும். மாற்றிய அளவைச் சட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். ஓட்டம் தொடங்கும் வாரத்தில் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, பாத எரிச்சல். கால் இதயத்தின் மட்டத்திலோ அதற்கு மேலோ இருப்பதால் ரத்தம் பாதத்துக்குப் போவது மந்தப்படும். மணிக்கணக்கில் மிதித்தால் விரல்கள் மரத்துப்போகும், பிறகு உள்ளங்கால் தீயாக எரியும். செருப்பு அரை அளவு பெரிதாக இருக்கட்டும். பட்டையை இறுக்காதீர்கள். பூட்டுக் கட்டையைச் செருப்பில் முடிந்தவரை குதிகால் பக்கமாகத் தள்ளிப் பொருத்துங்கள். மரத்துப்போகத் தொடங்கியதுமே இறங்கி ஐந்து நிமிடம் நடந்துவிடுங்கள். எரிச்சல் வந்தபிறகு நடந்தால் தாமதம்.

7. வெயில் நமக்கு வேறு இடத்தில் அடிக்கும். நிமிர்ந்து ஓட்டுபவருக்குக் கழுத்தின் பின்பக்கம் கருகும். நமக்குத் தொடையின் மேல்பக்கம், முழங்காலின் உட்பக்கம், தாடையின் கீழ்ப்பகுதி, மூக்கின் அடி. அங்கெல்லாம் களிம்பு பூசுங்கள். மெல்லிய முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் அதைவிட மேல். முதல் ஓட்டத்தில் இண்டியனோலா ஊரைச் சேர்ந்த க்ளாரன்ஸ் பிக்கார்ட் என்ற 83 வயது முதியவர், பெண்கள் ஓட்டும் பழைய ஷ்வின் சைக்கிளில், தலையில் அந்தக் காலத்து வெயில்தொப்பியும் உடம்பில் நீளமான கம்பளி உள்ளாடையுமாக மாநிலத்தைக் கடந்தார். உடலை மூடிக்கொண்டால் வெயில் தாங்கும் என்பது அவர் கணக்கு. வயல்வேலை தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

தலைக்கவசத்தில் முன்விளிம்பு கட்டாயம். காலையில் கிழக்கு நோக்கியே போவதால் சூரியன் நேராகக் கண்ணில் விழும், நாமோ அண்ணாந்து பார்த்தபடி இருக்கிறோம். மழை வந்தாலும் அப்படித்தான், முகத்தில் அறையும். சின்னக் கைக்குட்டை ஒன்றை எட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

ஜூலையில் மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்து நிற்கும். கோடிக்கணக்கான தாள்கள் மூச்சுவிடும் ஈரம் காற்றில் சேர்ந்து புழுக்கமாகிவிடும். அங்கே அதைச் சோளத்தின் வியர்வை என்றே சொல்கிறார்கள். சென்னை மே மாதம் பழகியவர்கள்கூட அசந்துபோவார்கள். இரண்டு பக்கமும் சோளம் மதிலாக நிற்கும் சாலையில் தாழ உட்கார்ந்திருக்கும் நமக்குக் காற்றும் எட்டாது. சீட்டின் பின்னால் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு, அதன் குழாயைத் தோள்வழியாகக் கொண்டுவந்து சட்டையில் செருகிக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். உப்பும் சேரவேண்டும். வழியில் ஊறுகாய் வெள்ளரியின் உப்புநீரைக் கிண்ணத்தில் விற்பார்கள். வாய்க்குப் பழகாது, உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

8. உதிரி பாகங்களை நீங்களே சுமந்துபோங்கள். வழிநெடுகச் சைக்கிள் கடைக்காரர்கள் கூடாரம் போட்டிருப்பார்கள், கைதேர்ந்தவர்கள். ஆனால் அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பெரிய சக்கரத்துக்கான டயரும் ட்யூபும். நம் முன்சக்கரம் பெரும்பாலும் இருபது அங்குலம். அதிலும் 406 மில்லிமீட்டர், 451 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு, இரண்டையும் இருபது அங்குலம் என்றே கூப்பிடுவார்கள், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. உங்கள் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ட்யூப் மூன்று, மடிக்கிற டயர் ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், செயின் வெட்டும் கருவி, இணைப்புக் கண்ணிகள். நம் செயின் சாதாரணச் சைக்கிளின் செயினைப்போல இரண்டரை, மூன்று மடங்கு நீளம். அறுந்தால் கடையில் வாங்கும் ஒரு செயின் போதாது. செயினைத் திருப்பிவிடும் சிறு உருளையைத் தினமும் மாலையில் விரலால் சுற்றிப்பாருங்கள். கரகரத்தால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

தொடக்க ஊருக்கு வண்டியை ஏற்றிச்செல்லும் வாகனம் ட்ரைக்கை ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். எல்லோரும் ஏற்பதில்லை.

9. சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. தேவாலயத்துப் பெண்கள் சுட்டுவைக்கும் பை என்ற பழப் பலகாரம், அவித்த இனிப்புச் சோளம், வாழைப்பழம். சைவக்காரர்கள் பட்டினி கிடக்கமாட்டார்கள். சாப்பிட வண்டியை நிறுத்தும்போது சாலையிலிருந்து முழுக்க விலகிப் புல்லில் ஏற்றிவிடுங்கள். ட்ரைக்கில் நிறுத்து பிரேக் போட மறக்காதீர்கள். இரவில் கூடாரமடித்துத் தங்கும்போது இடியும் மின்னலும் வந்தால் உள்ளே கிடக்காமல் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்கள்.

10. கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். ஒவ்வோர் ஊரிலும் கேட்பார்கள். முதுகு வலிக்காதா, விலை என்ன, இது சைக்கிள்தானா. களைப்பாக இருந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். குழந்தை ஆசைப்பட்டால், பெற்றோரிடம் கேட்டுவிட்டு, பிரேக்கைப் பூட்டி உட்காரவையுங்கள். இது சைக்கிள்தானா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் வரலாறு தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஷார்ல் மோஷே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த சாய்வு வண்டியில், 1933 ஜூலை 7 அன்று ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914-இல் வைத்திருந்த சாதனை அதோடு முறிந்தது. ஃபோர் அந்தக் காலத்தின் முதல்வரிசை வீரர்கூடக் கிடையாது. அடுத்த ஆண்டே சர்வதேசச் சைக்கிள் சங்கம் சைக்கிள் எப்படி இருக்கவேண்டும் என்று விதி எழுதி, சாய்வு வண்டியைப் பந்தயத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. அந்த விதி இல்லாதிருந்தால் இன்று கடைகளில் நம் வண்டி சர்வசாதாரணமாக நின்றிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ராக்பிராயின் அருமை, அங்கே நம் வண்டிக்குத் தடை இல்லை என்பது.

11. பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். நிமிர்ந்த சைக்கிளில் நூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், இது என்ன என்று இருந்துவிடாதீர்கள். சாய்ந்து மிதிக்கும்போது தொடையும் புட்டமும் வேறு விதமாக உழைக்கின்றன. உடம்பு அதற்குப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும். முதல் வாரங்களில் புட்டத்தில் ஆழமாக ஒரு வலி வரும், சீட்டின் சாய்வைக் கொஞ்சம் மாற்றிப்பாருங்கள். வழித்தடத்தின் ஊர்களை ஜனவரியில் அறிவிப்பார்கள். வசந்தம் வந்ததும் அடுத்தடுத்த நாட்களில் ஓட்டிப் பழகுங்கள். ஒரு நாள் நூறு கிலோமீட்டர் ஓட்டுவது பெரிதில்லை. மறுநாள் காலையில் வலிக்கிற காலோடு ஏறி உட்கார்ந்து மறுபடி ஓட்டுவதைத்தான் பழகவேண்டும். பயிற்சியை மேடு உள்ள பாதையில் செய்யுங்கள், கூட்டமுள்ள பாதையிலும் செய்யுங்கள்.

12. எந்த வண்டி வாங்குவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறீர்கள். மேலே சொன்னதையெல்லாம் படித்தபிறகு தேர்ந்தெடுப்பது நல்லது என்பதால் கடைசியில் வைத்தேன். முதல்முறை வருபவர்களுக்கு என் சிபாரிசு இரண்டு. சமநிலை பற்றிய கவலையே வேண்டாம், மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு, முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் உள்ள ட்ரைக். இரண்டு சக்கரமே வேண்டும் என்பவர்களுக்கு, பெடல் முன்சக்கரத்துக்குப் பின்னால் அமைந்த நீள வண்டி. டூர் ஈஸி என்ற பழைய நீள வண்டி இன்றும் அந்தச் சாலைகளில் ஓடுகிறது. அதன் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம், கூட்டம் திடீரென நிற்கும்போது அது பெரிய பாதுகாப்பு. இரண்டு பெரிய சக்கரமும் உயர்ந்த சீட்டும் கொண்ட பந்தய வகை வேகமானது, பார்க்கவும் அழகு. ஆனால் அதில் கால் தரைக்கு எட்டுவது சிரமம். அதை இரண்டாவது, மூன்றாவது ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பழைய வண்டியாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் ஏறி உட்கார்ந்து குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டிப்பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு மேடாவது ஏறுங்கள், ஒரு முறையாவது நடுமேட்டில் நிறுத்தி மறுபடி கிளம்பிப் பாருங்கள்.